கவிழ்த்துச் சுட்ட கிண்ணம்

கொங்கு நாட்டில், நொய்யல் ஆற்றின் வடகரையில், சென்னிமலைக்கு மேற்கே கொடுமணல். 1985-இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் அங்கே அகழாய்வு நடத்தியபோது வெளிவந்த கிண்ணங்களில் பலவும் உள்ளே கன்னங்கரேல், வெளியே செக்கச்செவேல். விளிம்பைத் தாண்டி வெளிப்புறத்திலும் கறுப்பு கொஞ்சம் இறங்கியிருக்கும். இரண்டு சாயம் பூசியிருப்பார்களோ என்று தோன்றும். சாயமே கிடையாது; எல்லாம் சூளை செய்த வேலை.

களிமண்ணில் இரும்பு உண்டு. காற்றோட்டமான நெருப்பில் அது ஆக்ஸிஜனைச் சேர்த்துக்கொண்டு சிவக்கும். கொங்குக் குயவர் கிண்ணத்தை உமி, இலைதழை மீது கவிழ்த்துச் சுட்டார். காற்றுப்பட்ட முதுகு சிவந்தது; காற்றுப் புகாத வயிற்றில் கரி ஏறிக் கறுத்தது.

கிரேக்கத்து ஏதென்ஸில் கி.மு. 6-ஆம் நூற்றாண்டுக் குயவரிடமும் இதே இரண்டு நிறங்கள்தான். ஆனால் அவர்களுடைய கறுப்பு கரியல்ல, இரும்பு. நன்றாக வடித்தெடுத்த களிமண் குழம்பால் உருவங்களைத் தீட்டிவிட்டு, ஒரே சூளையில் மூன்று கட்டமாகச் சுட்டார்கள். முதலில் காற்றை விட்டதும் எல்லாம் சிவப்பு. பிறகு துளைகளை அடைத்துப் பச்சை விறகைப் போட்டார்கள். புகையில் எல்லாம் கறுப்பு. மறுபடி காற்றைத் திறந்ததும் பானையின் உடம்பு மட்டும் சிவப்புக்குத் திரும்பியது. தீட்டிய குழம்போ அதற்குள் கண்ணாடிபோல இறுகியிருந்ததால் காற்று உள்ளே நுழையவில்லை. அது கறுப்பாகவே நின்றது. கொங்குக் கிண்ணத்தை அப்படித் திறந்த நெருப்பில் இன்னொரு முறை சுட்டால் கரி எரிந்து கறுப்பே போய்விடும்.

ஏதென்ஸ்காரர் திராட்சை மது அருந்தும் கைலிக்ஸ் கிண்ணத்தில்கூட வீரர்களையும் தெய்வங்களையும் வரைந்தார்கள். கொங்கில் காவி பூசிய சில கலங்களில் வெள்ளைக் கோடுகள் உண்டு; ஆள் உருவம் இல்லை. உருவம் வேண்டுமானால் மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேற வேண்டும். நீலகிரியின் பழங்காலக் கல்வட்டங்களில் கிடைத்த தாழி மூடிகளின் உச்சியில் எருமையும் குதிரைவீரனும் களிமண்ணிலேயே நிற்கிறார்கள். நீலகிரி ஆணையராக இருந்த பிரீக்ஸ் தோண்டியெடுத்தவற்றில் பல இன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. எனக்கு ஏதென்ஸ் வீரர்களைவிட இந்த எருமைகளையே அதிகம் பிடிக்கும்.

பெயர் பொறிப்பதிலும் இரண்டு ஊருக்கும் வழக்கம் வேறு. எக்செகியாஸ் போன்ற ஏதென்ஸ் கலைஞர்கள் தாங்கள் செய்த கலத்தில் தங்கள் பெயரையே எழுதினார்கள். கொடுமணல் ஓடுகளில் கண்ணன் ஆதன் போன்ற பெயர்கள் தமிழ்ப் பிராமியில் கீறப்பட்டுள்ளன. பெரும்பாலும் சுட்ட பிறகு, பானைக்கு உரியவர்கள் கீறியவை.