அட்வென்ச்சர் பைக் வாங்கப் போறீங்களா? லடாக்கை விடுங்க, முதல்ல 350 சிசி கணக்கைப் பாருங்க!

உயரமான ஹேண்டில்பார், நீளமான சஸ்பென்ஷன், பெட்டி மாட்ட கேரியர்... நெய்வேலி டவுன்ஷிப்பின் மரம் சூழ்ந்த சாலையில் ஒரு அட்வென்ச்சர் பைக் போனால் யாராக இருந்தாலும் ஒரு நிமிஷம் திரும்பிப் பார்ப்பாங்க. யூடியூப் ரிவ்யூ எல்லாமே பனிமலையில்தான் எடுக்கப்படுது. ஆனா இஎம்ஐ கட்டப்போறது நீங்க, ஓட்டப்போறது நம்ம ஊர் ரோட்ல.

என்எல்சி-யில் ஷிப்ட் பார்க்கும் ஒரு இளைஞரை வைத்து யோசிப்போம். தினமும் வீட்டில் இருந்து சுரங்கத்துக்கோ அனல்மின் நிலையத்துக்கோ போய் வரணும். வார இறுதியில் கடலூர், புதுச்சேரி. லீவு கிடைத்தால் கல்வராயன் மலை, ஏற்காடு, 70 கொண்டை ஊசி வளைவு கொண்ட கொல்லிமலை. லடாக்? போனாலும் வருஷத்துக்கு 15 நாள். மீதி 350 நாளுக்கு எந்த பைக் சரிப்படும் என்பதுதான் கேள்வி.

களத்தில் இருப்பவை எவை?

நடுத்தர அளவு அட்வென்ச்சர் பைக் என்று பார்த்தால் பலரும் ஒப்பிடும் ஐந்து மாடல்கள் இவை.

- ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450: 452 சிசி, 40 பிஎஸ், எடை 196 கிலோ, 17 லிட்டர் டேங்க். 2023 நவம்பரில் அறிமுகம்.
- கேடிஎம் 390 அட்வென்ச்சர்: 399 சிசி, 46 பிஎஸ், 14.5 லிட்டர் டேங்க். புதிய வடிவம் 2025 ஜனவரியில் வந்தது.
- டிவிஎஸ் அப்பாச்சி ஆர்டிஎக்ஸ் 300: 299 சிசி, 36 பிஎஸ், 180 கிலோ, 12.5 லிட்டர் டேங்க். 2025 அக்டோபரில் அறிமுகம்.
- சுசுகி வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸ்: 249 சிசி, 26.5 பிஎஸ், 167 கிலோ, 12 லிட்டர் டேங்க்.
- ஹீரோ எக்ஸ்பல்ஸ் 210: 210 சிசி, 24.6 பிஎஸ், 13 லிட்டர் டேங்க்.

முதல் இரண்டும் 350 சிசிக்கு மேல். மற்ற மூன்றும் அதற்குக் கீழ். இந்தப் பிரிவினைதான் இப்போ உங்க பர்ஸை முடிவு பண்ணுது.

350 சிசியில் அப்படி என்ன இருக்கு?

2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி மாறியது. அதுக்கு முன்னாடி 350 சிசி வரையிலான பைக்குக்கு 28%, அதற்கு மேல் செஸ் சேர்த்து 31%. இப்போ 350 சிசி வரை 18%, அதற்கு மேல் 40%.

எளிமையா ஒரு கணக்கு. வரிக்கு முன் 2 லட்சம் ரூபாய் மதிப்புள்ள இரண்டு பைக்குகள். ஒன்று 300 சிசி, மற்றொன்று 400 சிசி. பழைய முறையில் முதல் பைக்குக்கு வரி 56,000 ரூபாய், இரண்டாவதுக்கு 62,000. வித்தியாசம் வெறும் 6,000. இப்போ முதல் பைக்குக்கு 36,000, இரண்டாவதுக்கு 80,000. வித்தியாசம் 44,000 ரூபாய்! நிறுவனங்கள் சலுகை தந்து இந்த இடைவெளியைக் குறைப்பதும் உண்டு. அதனால் விளம்பரத்தில் வரும் ஷோரூம் விலையை நம்பாம, ஆன்ரோடு விலைக்கு கொட்டேஷன் எழுதி வாங்குங்க.

அடுத்து சாலை வரி. தமிழ்நாட்டில் 1 லட்சம் ரூபாய்க்கு மேல் விலையுள்ள புது பைக்குக்கு வாழ்நாள் வரி 12%. 2023 நவம்பரில் இருந்து இதுதான் விகிதம். வண்டி விலை கூடக் கூட இதுவும் கூடும்.

மூன்றாவது இன்சூரன்ஸ். புது பைக்குக்கு 5 வருட மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி 150 முதல் 350 சிசி வரை 7,365 ரூபாய், 350 சிசிக்கு மேல் 15,117 ரூபாய். வரி தனி. அதாவது இங்கேயும் அதே கோடு, இரண்டு மடங்கு பணம்.

எல்லாம் சேர்ந்து பெரிய பைக்குக்கு 1 லட்சம் ரூபாய் கூடுதலாகக் கடன் வாங்க வேண்டி வருதுன்னு வைங்க. 10% வட்டி, 3 வருடம் என்றால் மாதம் சுமார் 3,230 ரூபாய் கூடுதல் இஎம்ஐ. ஒப்பந்த வேலையில் இருப்பவருக்கு இது சின்னத் தொகை இல்லை.

புதுச்சேரியில் பதிவு பண்ணிட்டா மிச்சமாகுமா?

நெய்வேலியில் பைக் வாங்குற பேச்சு வந்தாலே யாராவது ஒருத்தர் இந்த ஐடியாவைச் சொல்லாம இருக்க மாட்டாங்க. பக்கத்துலதானே இருக்கு! ஆனா நீங்க குடியிருக்கும் இடத்தில், வண்டி வழக்கமாக நிற்கும் இடத்தில்தான் பதிவு செய்யணும் என்பது சட்டம். வேறு மாநிலப் பதிவு வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 47-ன் படி புதுப் பதிவெண் வாங்கணும். தமிழ்நாட்டு வரியும் கட்டணும். முகவரி ஆதாரம் புதுச்சேரியில் இல்லாதவங்க இந்த வழியை மறந்துடுறது நல்லது.

உயரமா, எடையா... எது பிரச்னை?

"எனக்கு உயரம் பத்தாது" என்பதுதான் பலரின் முதல் கவலை. ஆனா இந்த ஐந்து பைக்கிலும் சீட் உயரம் 825 முதல் 835 மி.மீ.க்குள்தான். வித்தியாசம் ஒரு சென்டிமீட்டர். கால் தரையில் பதிவதை சீட்டின் அகலமும் முடிவு செய்யும். அது காகிதத்தில் தெரியாது, உட்கார்ந்து பார்த்தாதான் தெரியும். ஹிமாலயனுக்கு 805 மி.மீ. வரை இறக்கும் தாழ்வான சீட் தனியாகக் கிடைக்கிறது.

உண்மையான வித்தியாசம் எடையில்தான். ஹிமாலயனுக்கும் வி-ஸ்ட்ராமுக்கும் இடையே 29 கிலோ. ஒரு 25 கிலோ அரிசி மூட்டையை விட அதிகம். நைட் ஷிப்ட் முடிஞ்சு தூக்கக் கலக்கத்தில் ஸ்டாண்டில் இருந்து வண்டியை எடுக்கும்போதும், மழையில் களிமண் படிந்த ரோட்டில் யு-டர்ன் அடிக்கும்போதும் அந்த மூட்டை உங்க கையில்தான் இருக்கும். அதே எடை நெடுஞ்சாலையில் எதிர்க்காற்றிலும் லாரிக் காற்றிலும் வண்டியை ஆடாமல் பிடித்துக்கொள்ளும் என்பதையும் சொல்லணும்.

46 பிஎஸ் வேணுமா?

நான்கு வழிச்சாலையில் இருசக்கர வாகனங்களுக்கு மத்திய அரசு நிர்ணயித்த உச்ச வேகம் மணிக்கு 80 கி.மீ. அந்த வேகத்தை ஐந்து பைக்குமே எளிதாகத் தொடும். அப்போ கூடுதல் சக்தி எதுக்கு? பின்னால் ஒருவர், இரண்டு பக்கமும் பை, முன்னால் கரும்பு லாரி. இந்த நிலையில் சட்டுனு முந்திப் போகத்தான். விக்கிரவாண்டி - தஞ்சாவூர் சாலையில் ஓட்டியவர்களுக்கு இது புரியும்.

பெரும்பாலும் தனியாக ஓட்டுபவருக்கு 25 பிஎஸ் போதும். மாதம் இரண்டு முறையாவது ஜோடியாக, லக்கேஜோடு 200 கி.மீ. தாண்டிப் போறவங்களுக்கு 35 பிஎஸ்ஸுக்கு மேல் இருந்தால் சிரமம் இருக்காது.

சக்கரமும் டேங்கும்

ஹிமாலயன், எக்ஸ்பல்ஸ், கேடிஎம் 390 அட்வென்ச்சர் மூன்றிலும் முன் சக்கரம் 21 அங்குலம். பள்ளம், கல் மேல் எளிதா உருண்டு ஏறும். ஆர்டிஎக்ஸ், வி-ஸ்ட்ராம், கேடிஎம்மின் எக்ஸ் மாடல் ஆகியவற்றில் 19 அங்குல அலாய் வீல். தார் ரோட்டிலும் மலை வளைவிலும் சீக்கிரம் திரும்பும்.

இதைவிட முக்கியம் டியூப் இருக்கா இல்லையா என்பது. டியூப்லெஸ் டயர் பஞ்சரானால் சக்கரத்தைக் கழற்றாமலே சில நிமிஷத்தில் ஒட்டிடலாம். டியூப் டயருக்கு வீலைக் கழற்றணும். இரவு 11 மணிக்கு மந்தாரக்குப்பம் பக்கம் பஞ்சரானால் கடை தேடுவது நீங்கதான். ஸ்போக் வீல் பைக் வாங்குறீங்கன்னா டியூப்லெஸ் வசதி உண்டா, அதுக்கு எவ்வளவு கூடுதல் என்று கேளுங்க.

டேங்க் அளவைப் பார்த்து மயங்க வேண்டாம். லிட்டருக்கு 30 கி.மீ. என்று வைத்தால் 17 லிட்டரில் 510 கி.மீ., 12 லிட்டரில் 360 கி.மீ. நெய்வேலியில் இருந்து சென்னை சுமார் 200 கி.மீ. வழி முழுக்க பங்க் இருக்கு. பெரிய டேங்க் லடாக்கில்தான் உயிர் காக்கும்.

பழசு வாங்கலாமா?

2016-ல் வந்த ஹிமாலயன் 411 செகண்ட்ஹேண்டில் பலரும் தேடும் பைக். ஒரு விஷயம் மட்டும் கவனிங்க. அதன் சக்தி இன்றைய எக்ஸ்பல்ஸ் 210 அளவுதான், சுமார் 24 பிஎச்பி. ஆனா 411 சிசி என்பதால் இன்சூரன்ஸ் மேல் அடுக்கில் வரும். ஒரு வருட மூன்றாம் நபர் கட்டணம் 2,804 ரூபாய். 350 சிசிக்குள் என்றால் 1,366.

சரி, யாருக்கு எது?

- தினசரி ஓட்டம், வார இறுதியில் கடலூர், புதுச்சேரி, பட்ஜெட் இறுக்கம்: வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸ்.
- மண் பாதையும் காட்டு வழியும்தான் ஆசை: எக்ஸ்பல்ஸ் 210.
- ஜோடியாக நெடுந்தூரம், ஆனால் 40% வரி வேண்டாம்: ஆர்டிஎக்ஸ் 300. அறிமுக ஷோரூம் விலை 1.99 லட்சம்.
- வருடத்துக்குப் பல நீண்ட பயணம் உறுதி, எடை பிரச்னை இல்லை: ஹிமாலயன் 450.
- வேகமும் தொழில்நுட்பமும் முக்கியம், பட்ஜெட்டும் இருக்கு: கேடிஎம் 390 அட்வென்ச்சர்.

முன்பணம் கட்டும் முன் மூன்று வேலை பாக்கி இருக்கு. ஒன்று, இன்ஜினை அணைத்து வண்டியைப் பின்னோக்கித் தள்ளிப் பாருங்க. இரண்டு, பின்னால் ஒருவரை உட்கார வைத்து மதிய வெயிலில் அரை மணி நேரம் டெஸ்ட் டிரைவ் கேளுங்க. காலில் இன்ஜின் சூடு படுதான்னு அப்போதான் தெரியும். மூன்று, சர்வீஸ் சென்டர் நெய்வேலியிலேயே இருக்கா, கடலூரிலா, புதுச்சேரியிலா, பிரேக் லீவரும் கிளட்ச் கேபிளும் அங்கே எத்தனை நாளில் கிடைக்கும் என்று விசாரிங்க. ஒவ்வொரு சர்வீஸுக்கும் ஒரு நாள் லீவு போடணும்னா, அதுவும் அந்த பைக்கோட விலையில் சேர்த்திதான்.