ஆண்டாள் கிளியும் ஆடிப்பட்டமும்

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் இடக்கையில் இருக்கும் கிளிக்கு ஒரு நாள்தான் ஆயுள். அன்றன்று புதிதாகக் கட்டப்படும் கிளி அது. மாதுளம்பூ அதன் அலகு, மரவள்ளி இலை உடல், நந்தியாவட்டை இலையும் பனையோலையும் சிறகு, அரளி மொட்டு வால், காக்காய்ப்பொன் கண். வாழைநாரால் இழுத்துக் கட்டி முடிக்க நான்கு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். ஆண்டாளின் கையில் இருந்து இறங்கியதும் அது யாரோ ஒரு பக்தருக்குப் பிரசாதமாகப் போய்விடும். மறுநாள் மறுபடி இலை பறிக்க வேண்டும், மறுபடி கட்ட வேண்டும். ஆண்டாளுக்காக அரங்கனிடம் தூது போன சுக முனிவரே இந்தக் கிளி என்பது ஐதீகம்.

மாலையின் கதையும் இப்படித்தான். பெரியாழ்வார் தம் நந்தவனத்துத் துளசிச் செடிகளுக்கிடையே ஒரு பெண் குழந்தையைக் கண்டெடுத்தார் என்றும், அந்த நாள் ஆடி மாதப் பூரம் என்றும் வைணவ மரபு சொல்கிறது. பெருமாளுக்குத் தொடுத்த மாலையை, வளர்ந்து ஆண்டாளான அந்தப் பெண் தான் சூடி அழகு பார்த்துவிட்டுக் கொடுத்தாள். பெருமாளும் அதையே விரும்பி ஏற்றார். கதை இவ்வளவுதான். ஆனால் அந்த மாலை இன்றும் பயணம் போகிறது. புரட்டாசியில் திருமலை பிரம்மோற்சவத்தின் கருட சேவைக்கும், சித்திரையில் வைகையில் இறங்கப் போகும் கள்ளழகருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தே ஆண்டாள் சூடிய மாலை செல்கிறது. ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீரங்கத்திலிருந்து ஆண்டாளுக்கு வஸ்திரம் வருகிறது. மார்கழியில் ஆண்டாள் தன் பிறந்த வீட்டுக்கு எழுந்தருளும்போது, பெரியாழ்வார் வழிவந்த குடும்பத்தார் காய்கறிகளைப் பரப்பி வைத்து வரவேற்பார்கள். ‘பச்சைப் பரத்தல்’ என்று இதற்குப் பெயர். பிறந்தகத்துக்கு வரும் பெண்ணுக்கு ஒரு குடியானவ வீடு காட்டும் அன்பு, தெய்வத்துக்கும் அப்படியே காட்டப்படுகிறது.

இத்தனை நூற்றாண்டுகளாக இந்த வழக்கங்கள் மங்காமல் நிற்பதற்கு நம்பிக்கையின் ஆழம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், ஒவ்வொன்றுக்கும் ஒரு நாளும் ஒரு பொருளும் அதைச் செய்ய ஒரு குடும்பமும் குறிக்கப்பட்டிருப்பது. வேலையாக மாறிய நம்பிக்கை எளிதில் மறக்கப்படுவதில்லை. வெறும் சொல்லாக மட்டும் வாழும் நம்பிக்கைகளோ வேறு வகை. அவற்றில் சில ஆராய்ச்சிக்குத் தாக்குப்பிடிக்கும், சில பிடிக்காது.

தமிழ்நாடு அரசின் முத்திரையில் இருக்கும் கோபுரம் ஒரு நல்ல உதாரணம். 11 நிலைகளும் 192 அடி உயரமும் கொண்ட ஸ்ரீவில்லிபுத்தூர் இராஜகோபுரமே அது என்று பள்ளிப் பிள்ளைகள் வரை அறிந்திருக்கிறார்கள். அரசின் விளக்கமும் அதுவே. ஆனால் 1949இல் ஏற்கப்பட்ட அந்த முத்திரையை வரைந்த மதுரை ஓவியர் ஆர். கிருஷ்ணராவ், மீனாட்சியம்மன் கோயிலின் மேற்குக் கோபுரத்தைப் பார்த்தே வரைந்ததாகச் சொன்னார் என்றும் பதிவு இருக்கிறது. எழுபத்தைந்து ஆண்டுகளே ஆன ஒரு செய்திக்கே இரண்டு வரலாறு இருக்கும்போது, ஆயிரம் ஆண்டுச் செய்திகளை எவ்வளவு நிதானமாக அணுக வேண்டும் என்பதை இது காட்டுகிறது.

ஆண்டாளின் காலமே அப்படிப்பட்ட கேள்விதான். கலியுகம் பிறந்த 98ஆம் ஆண்டில் அவதரித்தாள் என்பது குருபரம்பரை வழக்கு. அப்படியானால் ஏறத்தாழ ஐயாயிரம் ஆண்டு. மொழியும் வரலாறும் படித்தவர்கள் எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டைச் சொல்கிறார்கள். இந்த விவாதத்தில் வானமும் சாட்சிக்கு அழைக்கப்பட்டது. ஆண்டாள் பாடிய திருப்பாவையின் ஒரு பாட்டில், விடியலில் வெள்ளி எழுவதும் வியாழன் மறைவதும் பொழுது விடிந்ததற்கு அடையாளமாகச் சொல்லப்படுகின்றன. முதல் பாட்டோ மார்கழிப் பௌர்ணமியில் தொடங்குகிறது. இவை கண்ணால் கண்ட காட்சி என்று எடுத்துக்கொண்ட அறிஞர் மு. இராகவையங்கார், அந்த நாள் கி.பி. 731 டிசம்பர் 18 என்று முடிவு கட்டினார்.

கணக்கின் அடிப்படை எளியது. வெள்ளி, பூமியைவிடச் சூரியனுக்கு நெருக்கமாகச் சுற்றும் கோள். அதனால் வானத்தில் சூரியனை விட்டு 47 பாகைக்கு மேல் விலகாது. சில மாதங்கள் மாலையில் மேற்கேயும், சில மாதங்கள் விடியலில் கிழக்கேயும் மட்டுமே தெரியும். 584 நாளுக்கு ஒருமுறை இந்தச் சுற்று திரும்பும். ஐந்து சுற்று சேர்ந்தால் ஏறத்தாழ எட்டு ஆண்டு. வியாழனோ வானத்தை ஒருமுறை வலம்வர ஏறத்தாழ 12 ஆண்டு எடுத்துக்கொள்ளும். மார்கழியில் சூரியன் தனுசில் இருக்கிறது. விடியும் நேரத்தில் வியாழன் மேற்கே மறைய வேண்டுமானால் அது சூரியனுக்கு எதிர்ப்பக்கம், மிதுனத்திலோ அதை ஒட்டியோ நிற்க வேண்டும். பன்னிரண்டு ஆண்டுக்கு ஓரிரு மார்கழியில்தான் அது வாய்க்கும். அந்த மார்கழியில் வெள்ளியும் விடிவெள்ளியாக இருந்தால் பாட்டுக் காட்சி நிறைவேறும்.

அப்படியென்றால் இந்தக் காட்சி அரிது. ஆனால் ஆயிரம் ஆண்டுக்கு ஒருமுறை வருவதும் அல்ல. 2012 டிசம்பர் கடைசியில், மார்கழிப் பௌர்ணமியை ஒட்டிய விடியற்காலையில், மேற்கே வியாழன் இறங்கக் கிழக்கே வெள்ளி ஏறியது. அன்று அதிகாலைக் குளிரில் திருப்பாவை பாடியபடி தெருவில் போனவர்கள் நிமிர்ந்து பார்த்திருந்தால் ஆண்டாள் கண்ட வானத்தையே கண்டிருப்பார்கள். இந்த ஒரு குறிப்பை மட்டும் வைத்து ஆண்டைத் தீர்மானிக்க முடியாது என்பதும் இதனால் விளங்கும். ஒரு நூற்றாண்டுக்குள்ளேயே பொருந்தும் மார்கழி ஒன்றுக்கு மேல் வந்துவிடும். கல்வெட்டு, அரசர் பெயர், மொழிநடை ஆகியவை துணைக்கு வந்தால்தான் வானத்தின் சாட்சி செல்லும். ஆனாலும் ஒன்று உறுதி: விடியலுக்கு முன் எழுந்து வானத்தைப் பார்ப்பது அக்காலப் பெண்களின் அன்றாடத்தில் இருந்தது. கோள்களின் பெயரும் இடமும் அறிந்த ஒரு சமூகத்தில்தான் இப்படி ஒரு பாட்டு பிறக்கும்.

அதே மார்கழியைப் பற்றி இன்று பரவும் ஒரு ‘விஞ்ஞான விளக்கம்’ இந்த அறிவுக்கு நேர் எதிரானது. மார்கழி விடியலில் ஓசோன் படலம் பூமிக்கு அருகே இறங்கி வருகிறது, அதனால்தான் முன்னோர் அதிகாலையில் கோலம் போடச் சொன்னார்கள் என்று ஆண்டுதோறும் கைபேசிகளில் செய்தி சுற்றுகிறது. ஓசோனின் பெரும்பகுதி தரையிலிருந்து 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அது மார்கழிக்காக இறங்கி வருவதில்லை. தரையருகே உண்டாகும் ஓசோன் வாகனப் புகையும் வெயிலும் சேர்ந்து உருவாக்கும் மாசு, மூச்சுக்குழலைப் புண்ணாக்குவது. வெயில் வேண்டியிருப்பதால் அது பிற்பகலில் மிகுதி, விடியற்காலையில் குறைவு. குளிர்கால விடியலில் மேலே வெதுவெதுப்பான காற்றும் தரையில் குளிர்ந்த காற்றும் நிற்பதால், புகை மேலே போக வழியின்றித் தாழ்வாகத் தங்கவும் செய்யும்.

மார்கழிக் கோலத்துக்கு இப்படிப் பொய்யான முட்டுக்கொடுக்கத் தேவையே இல்லை. அதிகாலையில் எழுவது, வாசலைத் தூய்மை செய்வது, அரிசி மாவில் எறும்புக்கு இரை வைப்பது, தெருவே கூடிப் பாடுவது ஆகியவை தம்மளவிலேயே நல்லவை. அழகும் அன்பும் உள்ள ஒன்றை ஓசோனால் நியாயப்படுத்துவது அதைச் சிறுமைப்படுத்துவதாகும். அது பொய் என்று தெரியவரும் பிள்ளைகள் கோலத்தையும் சேர்த்து நம்பாமல் போகும் ஆபத்தும் உண்டு.

மார்கழி முடிந்து தை பிறந்ததும் சூரியன் வடக்கு நோக்கித் திரும்புகிறது, உத்தராயணம் தொடங்குகிறது என்பதும் நெடுநாளைய நம்பிக்கை. உண்மையில் சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22இல். தை முதல் நாளோ ஜனவரி 14ஐ ஒட்டி வருகிறது. பூமியின் அச்சு மெல்லத் திசை மாறுவதால், நட்சத்திரங்களை அடிப்படையாகக் கொண்ட பஞ்சாங்கமும் பருவங்களும் 72 ஆண்டுக்கு ஒரு நாள் என்ற அளவில் விலகிக்கொண்டே போகின்றன. ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஒன்றாக இருந்தன. ஆகவே இந்த நம்பிக்கை பிழையாகப் பிறக்கவில்லை. சரியான கணிப்பு ஒன்று காலத்தால் பின்தங்கிவிட்டது, அவ்வளவே.

விவசாயத்தில் நம்பிக்கைகளுக்கு வரும் சோதனை இன்னும் கடுமையானது. தவறான பட்டத்தில் விதைத்தவன் அந்த ஆண்டே தண்டனை பெறுவான். ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பது தமிழ்நாடு முழுவதும் வழங்கும் பழமொழி. ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூர் இருக்கும் விருதுநகர் மாவட்டத்துக் கரிசல்காட்டு மானாவாரிச் சம்சாரிக்குப் புரட்டாசிப் பட்டம்தான் பட்டம். மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவுக்குக் கீழே இருக்கும் இந்தப் பகுதிக்குத் தென்மேற்குப் பருவமழையின் ஈரம் பெரும்பாலும் மலையோடு நின்றுவிடும். அம்மியும் பறக்கும் ஆடிக்காற்று மட்டும் வந்து சேரும். ஐப்பசி, கார்த்திகையில் கொட்டும் வடகிழக்குப் பருவமழையை நம்பிப் பருத்தியும் சோளமும் விதைக்க வேண்டியிருப்பதால் அவர்கள் புரட்டாசி வரை காத்திருந்தார்கள். கிணறும் கண்மாயும் கைகொடுக்கும் இடத்தில் மட்டுமே ஆடி விதைப்பு. ஊருக்கு ஊர் மண்ணையும் மழையையும் பார்த்துத் திருத்திக்கொள்ளப்பட்டதே இந்தப் பழமொழி மரபின் வலிமை.

ஆடியில் கல்யாணம் கூடாது என்ற வழக்கமும் உழவோடு சேர்ந்தது என்று கருத இடமிருக்கிறது. கையில் இருக்கும் பணம் விதைக்கும் உரத்துக்கும் போகும் மாதம் அது. ஆடியில் கருத்தரித்தால் சித்திரை வெயிலில் பிரசவம் ஆகும் என்பதே காரணம் என்பார்கள். ஆனால் மார்கழிக்கும் அதே தடை இருப்பதை அந்த விளக்கத்தால் சொல்ல முடியவில்லை. எப்படியிருந்தாலும் இந்தத் தடை புதிதாக இன்னொரு வழக்கத்தை ஈன்றது. கல்யாணம் இல்லாததால் ஓய்ந்து கிடந்த துணிக்கடைகள் ஆடித் தள்ளுபடி அறிவித்தன. இன்று ஆடி என்றாலே நகரத்தில் தள்ளுபடிதான் நினைவுக்கு வருகிறது. நைட்டியும் உள்பாவாடையும் தைக்கும் தையல் இயந்திரங்கள் வீட்டுக்கு வீடு ஓடும், இதே மாவட்டத்துத் தளவாய்புரம் போன்ற ஊரில், உழவு நாட்காட்டி மெல்ல விற்பனை நாட்காட்டியாக மாறியிருக்கிறது.

நம்பிக்கை உயிருக்கே கேடாக முடிந்த கதை ஒன்றும் இந்த வட்டாரத்தில் உண்டு. அது இராஜபாளையம் நாயின் கதை. விஜயநகரத்திலிருந்து வந்த இராஜு சமூகத்தாரோடு இந்த இனம் வந்தது என்பது வழக்காறு. 2005இல் இந்திய அஞ்சல் துறை நான்கு இந்திய நாயினங்களுக்கு அஞ்சல் தலை வெளியிட்டபோது அதில் இதுவும் ஒன்று. பால் வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்கும் இருந்தால்தான் அசல் என்பது வளர்ப்பவர்களின் உறுதியான நம்பிக்கை. புள்ளியோ கறுப்போ தவிட்டு நிறமோ கொண்டு பிறந்த குட்டிகள் தலைமுறை தலைமுறையாகக் கழிக்கப்பட்டன.

அந்த வெள்ளைக்கு நாய் கொடுத்த விலை காது. தோலுக்கு நிறம் தரும் அதே வகை உயிரணுக்கள் உட்காதிலும் இருக்கின்றன. ஒலியை உணரும் உயிரணுக்களை உயிரோடு வைத்திருக்கும் திரவத்தின் சமநிலை அவற்றால்தான் காக்கப்படுகிறது. நிறமே இல்லாத நாயில் அந்த நிற உயிரணுக்கள் உட்காதுக்கும் போய்ச் சேராமல் போகலாம். அப்போது பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் திறன் அழிந்துவிடும். வெளிநாட்டு டால்மேஷன் நாய்களிலும் இதே கதைதான்: அமெரிக்காவில் சோதிக்கப்பட்டவற்றில் ஏறத்தாழ 30 விழுக்காட்டுக்கு ஒரு காதோ இரு காதுமோ கேட்கவில்லை. இராஜபாளையம் குட்டிகளிலும் செவிடு அதிகம் என்பது வளர்ப்பவர்கள் அறிந்ததே. வெள்ளையையே வெள்ளையோடு சேர்த்து, மற்ற நிறத்தை ஒதுக்கி ஒதுக்கி, இனத்தின் மரபணு வளமும் சுருங்கியது.

இந்த இனத்தைக் காப்பாற்றுவது முடியாத காரியம் அல்ல. காதில் ஒலி எழுப்பி மூளையின் மின் அலையைப் பதிவு செய்யும் சோதனையால், ஐந்தாறு வாரக் குட்டியிலேயே ஒவ்வொரு காதையும் தனித்தனியாக அறிந்துவிடலாம். இரண்டு காதும் கேட்கும் நாய்களை மட்டுமே இனப்பெருக்கத்துக்கு வைத்தால் சில தலைமுறைகளில் செவிடு குறையும். இராஜபாளையம் குட்டி வாங்கப் போகிறவர்கள் மூக்கின் நிறத்தைப் பார்ப்பதற்கு முன், அதன் கண்ணில் படாமல் பின்னால் நின்று ஒருமுறை கைதட்டிப் பார்க்கட்டும். புள்ளி விழுந்த குட்டி இருந்தால் அதையும் கேட்டு வாங்கட்டும்.