பாதி நிரம்பிய நீல அட்டை

கோடை விடுமுறைப் பாசறையிலிருந்து வீடு திரும்பும் அமெரிக்கச் சாரணச் சிறுவர் பலரின் சட்டைப் பையில் நீல நிற அட்டை ஒன்று இருக்கும். அதிற் சில கட்டங்களில் ஆலோசகர் இட்ட சுருக்கொப்பம் காணப்படும். ஏனையவை வெறுமையாய்க் கிடக்கும். தொடங்கிய வேலை முடியவில்லை. முடித்துக் கொடுக்க அந்த ஆலோசகரும் அருகில் இல்லை. இனி அச்சிறுவன் யாரிடம் செல்வான்? செல்லுமிடத்தில் முன்னவரின் ஒப்பத்துக்கு மதிப்பு உண்டா?

அமெரிக்கச் சாரணர் இயக்கம் 1910ஆம் ஆண்டில் தோன்றியது. முதலுதவி, நீச்சல், சமையல் என அவ்வியக்கம் வழங்கும் தகுதிச் சின்னங்கள் இன்று 130க்கு மேற்பட்டவை. ஒவ்வொன்றுக்கும் அத்துறையை அறிந்த பெரியவர் ஒருவர் ஆலோசகராகப் பதிவு பெற்றிருப்பார். மிக உயர்ந்த 'கழுகுச் சாரணர்' நிலையை எய்துவதற்கு 21 சின்னங்கள் வேண்டும். ஆதலின் ஒரே பிள்ளை பல ஆலோசகர்களிடம் பயில்வது இயல்பே.

ஒரு சின்னத்தையே இருவரிடம் முடிக்க நேரும்போதுதான் சிக்கல் எழுகின்றது. நீல அட்டை மூன்று பகுதிகளைக் கொண்டது: ஒன்று சாரணனுக்கு, ஒன்று அவனது குழுவுக்கு, ஒன்று ஆலோசகருக்கு. வேலை முற்றுப்பெற்றால் ஆலோசகர் தம் பகுதியைக் கிழித்து வைத்துக்கொள்வார். முற்றுப்பெறாவிடில் அவர் எதையும் வைத்துக்கொள்வதில்லை; நிறைவேறிய அம்சங்களுக்கு நேரே சுருக்கொப்பமிட்டு, முழு அட்டையையும் பிள்ளையிடமே கொடுத்துவிடுவார். இதனைப் 'பார்ஷல்' என்பர். எல்லா அம்சங்களையும் ஒருவரிடமே முடிக்க வேண்டியதில்லை என்பது இயக்கத்தின் விதி. ஆயினும் அடுத்த ஆலோசகர் அதனை ஏற்க மறுக்கவும் கூடும். அவ்வாறு மறுப்பது அரிதாகவே நிகழவேண்டும் என்றும் அவ்விதியே கூறுகிறது.

பாசறைச் சின்னத்தை எடுத்துக் கொள்வோம். அதற்கு 20 இரவுகள் வெளியிலே தங்கியிருத்தல் வேண்டும். பதினைந்து இரவுகள் கழிந்த நிலையில் தந்தைக்கு வேறூரில் வேலை கிடைத்துக் குடும்பம் இடம்பெயர்ந்தால், அவ்விரவுகளை மீண்டும் கழிக்கச் சொல்வது எவ்வாறு நியாயமாகும்? பணக் கையாட்சிச் சின்னத்துக்கோ தொடர்ந்து 13 வாரங்கள் வரவுசெலவுக் கணக்கு எழுதவேண்டும். எழுதி முடித்த கணக்கைப் புதியவர் புறக்கணித்தால், மீண்டும் மூன்று மாதம் போய்விடும்!

எனினும் மறுக்கும் ஆலோசகரைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் ஒப்பவில்லை. பெருங்கூட்டமாகப் பிள்ளைகளை இருத்தி நடத்தும் வகுப்புகளில், ஒவ்வொருவனும் தானே செய்தானா என்று பாராமல் ஒப்பமிடுவோரும் இருக்கக்கூடும். முதலுதவிச் சின்னம் அணிந்தவனுக்குக் கட்டுப்போடத் தெரியாவிடில் இடர்ப்படுபவன் காயமுற்றவனன்றோ? ஆனால் ஐயத்தைத் தீர்க்க அட்டையைத் தள்ளிவிட வேண்டுமா? அருகிலிருத்திச் சிறிது நேரம் உரையாடினாற் போதும். செய்தவன் தயங்காமற் சொல்வான். சின்னத்துக்கென வகுத்த தேவைகளைக் கூட்டவோ குறைக்கவோ எந்த ஆலோசகருக்கும் உரிமையில்லை. நியாயம் கிடைக்கவில்லையெனக் கருதும் பிள்ளை தன் சாரண ஆசிரியரிடம் கூறி வேறோர் ஆலோசகரை நாடலாம்.

இங்கே தாய்மாருக்கும் ஒரு பங்கு உண்டு. சட்டையைத் துவைக்குமுன் பையைப் பார்த்தல் வேண்டும்! நனைந்து கூழான அட்டையிலே எவருடைய ஒப்பத்தைத் தேடுவது? இப்பொழுது இப்பதிவுகளைக் கணினியிலும் வைப்பதுண்டு. ஆயினும் அட்டையின் பிரதியொன்றை எடுத்து வைப்பது நன்று.

பாதி முடிந்த வேலைக்குக் காலாவதித் திகதி கிடையாது. 18ஆம் பிறந்தநாளே எல்லை. ஆகவே பதினேழரை வயதில், புது ஊரில், அறிமுகமில்லாத ஒருவரின் வாசலிலே பழைய அட்டையுடன் நிற்கும் பையனுக்கு நெஞ்சு படபடப்பது வியப்பன்று. அவர் அதை வாங்கிப் பார்த்து, "அந்தப் பதினைந்து இரவுகளில் மழை பெய்த இரவு எது, தம்பி? கூடாரத்தை என்ன செய்தாய்?" என்று கேட்டால், அவன் முகம் மலர்ந்து கதையைத் தொடங்கிவிடுவான்.