பரீட்சைக் காலத்துப் பூக்கள்

நமது கலாசாலைகளில் ஒரு விநோதம் உண்டு. பிள்ளைகள் தலை குனிந்து பாடங்களை உருப்போடும் பங்குனி, சித்திரை மாதங்களிலேதான் அங்குள்ள மரங்கள் தலை நிமிர்ந்து பூக்கின்றன. பரீட்சை முடிந்ததும் விடுதிகள் காலியாகிவிடுகின்றன. அப்போது சரக்கொன்றை தன் பொற்சரங்களையெல்லாம் தொங்கவிட்டுக்கொண்டு, பார்ப்பாரின்றி நிற்கிறது!

வெயிலோ கொளுத்துகிறது, மழையோ வெகு தூரத்தில் இருக்கிறது. இந்த வேளையில் மரங்களுக்கு ஏன் இந்த ஆடம்பரம் என்று நேயர்கள் கேட்கலாம். ஆடம்பரமன்று, முன்யோசனையே. இலைகளை உதிர்ப்பதால் நீர்ச் செலவு குறைகிறது. இலை மறைவு நீங்கிய கிளையில் பூக்கள் வண்டினங்களுக்குத் தூரத்திலிருந்தே தென்படுகின்றன. வருஷப் பிறப்புப் பச்சடிக்குப் பூவைத் தரும் வேம்போ ஆனி, ஆடியில் பழத்தை உதிர்க்கிறது. அதன் விதைக்கு முளைக்கும் சக்தி சில வாரங்களே நிற்கும். ஆகவே மழைக்காலத்தை ஒட்டிப் பழுப்பது அதற்கு அவசியமாகிறது. கொன்றைக்கு அவ்வளவு அவசரமில்லை. அதன் நீண்ட காய் முற்றுவதற்கு ஏறக்குறைய ஒரு வருஷம் பிடிக்கும்.

சென்னைச் சர்வகலாசாலையைச் சேர்ந்த கலாசாலைகளுள், இக்காட்சியைக் காண்பதற்குச் சிறந்த இடம் தாம்பரத்திலுள்ள கிறிஸ்தவக் கல்லூரி. 1837-ல் தோன்றிய அந்த ஸ்தாபனம், சரியாக நூறாண்டு கழித்து 1937-ல், நகரத்து நெரிசலை விட்டுச் சேலையூர்ப் புதர்க்காட்டில் குடியேறியது. நிலம் 300 ஏக்கருக்கு மேல். ரசாயன ஆசிரியரான எட்வர்ட் பார்ன்ஸ் தாவரங்களிலும் தேர்ந்த ஞானமுள்ளவர். புதிய வளாகம் உருவானதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. கட்டடங்கள் எழுந்தன, மரங்கள் நடப்பட்டன, பழைய காட்டிலும் ஒரு பகுதி இன்றளவும் பிழைத்திருக்கிறது.

நமது கீழைக் கடற்கரைச் சமவெளிக்கே உரிய இத்தகைய காட்டின் அழகு, அண்ணாந்து பார்ப்போருக்குத் தெரியாது. குனிந்து பார்க்க வேண்டும். முள்ளுக்கு நடுவே களா வெண்மையாகப் பூத்து மணக்கும். காயாவின் கிளைகளில் நீலப் பூக்கள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டிருக்கும். திருமாலைக் காயாம்பூ வண்ணன் என்று சொல்லும் நம்மில், அந்தப் பூவை நேரில் கண்டவர் எத்தனை பேர்? இக்காடுகளில் மிஞ்சியவற்றுள் பல கோயிற் காடுகளாகவே மிஞ்சியிருக்கின்றன. மற்ற இடங்களில் 'வெறும் புதர்' என்று சொல்லி அழித்துவிட்டோம்.

அழித்த இடத்தில் எதை நடுகிறோம்? செக்கச் செவேலென்று பூக்கும் மயிற்கொன்றை மடகாஸ்கர் தீவிலிருந்து வந்தது. தூங்குமூஞ்சி மரம் அமெரிக்கக் கண்டத்தது. விருந்தாளிகளை வைய வேண்டியதில்லை; அவை நிழலும் தருகின்றன. ஆனால் விருந்தாளிக்கு இடம் தருவதற்காக வீட்டாரைத் தெருவில் நிறுத்துவது எந்த ஊர் நியாயம்?

அரியலூர்ச் சீமையில் நமது ரெட்டிபாளையத்தைச் சுற்றியுள்ளது, பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியாக இருந்த சுண்ணாம்புக் கல் பூமி. சிமெண்டுக்காகக் கல்லை வெட்டும்போது மேல்மண்ணும் புதரும் முதலில் போகின்றன. இந்த மண்ணிலும் வேம்பும் புங்கும் தழைக்கும். பள்ளிகள் பெரிய தோட்டம் போட வேண்டாம். மைதானத்தின் ஒரு மூலையை வெட்டாமல் விட்டாலே களாவும் காரையும் பிழைத்துக்கொள்ளும். ஆடியில் பொறுக்கிய வேப்பங்கொட்டையை அந்த வாரமே பிள்ளைகள் கையால் ஊன்றச் செய்யலாம். மறு வருஷத்துக்கென்று எடுத்து வைத்தால் முளைக்காது.