ஊவா மலைவீதிகளில் மூத்தோர் சைக்கிள் பயணம்

பதுளை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீட்டர் உயரத்திலும், பண்டாரவளை 1,230 மீட்டர் உயரத்திலும், அப்புத்தளை 1,430 மீட்டர் உயரத்திலும் அமைந்திருப்பதால், இவ்வூர்களை இணைக்கும் வீதியில் சைக்கிளில் செல்வது இளைஞருக்கும் பயிற்சி பெற்ற வீரருக்கும் மட்டுமே உரியது என்ற எண்ணம் எளிதில் எழுகின்றது. ஐம்பதையும் அறுபதையும் கடந்த பலரை முயலும் முன்பே விலகச் செய்யும் இவ்வெண்ணம் சரியானதன்று. ஏற்றத்தில் வெல்வது வேகமன்று. நேரமும் பொருத்தமான கியருமே.

மலையேறும்போது உடல் செய்யவேண்டிய வேலை, எடையையும் ஏறும் உயரத்தையும் பொறுத்தது. வண்டியோடு சேர்த்து 85 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் பதுளைக்கும் பண்டாரவளைக்கும் இடையிலான 550 மீட்டர் உயரத்தை ஒன்றரை மணி நேரத்தில் ஏறினால், புவியீர்ப்பை வெல்வதற்கு மட்டும் அவருக்குச் சராசரியாக 85 வாட் திறன், அதாவது ஒவ்வொரு நொடியும் அந்த அளவு ஆற்றல், தேவைப்படும். மூன்று மணி நேரம் எடுத்துக்கொண்டால் அதில் பாதியே போதும்.

ஆயினும் மெதுவாகச் செல்ல வண்டி இடம்கொடுக்க வேண்டும். கியர் இல்லாத சாதாரண சைக்கிள் பெடல் ஒருமுறை சுற்றும்போது ஐந்து மீட்டருக்குமேல் நகர்வதால், ஏற்றத்தில் அதன் சுமை முழுவதும் முழங்காலில் விழுகின்றது. முன் பற்சக்கரம் பின் பற்சக்கரத்தைவிடச் சிறியதாக அமையும் தாழ்ந்த கியரில், ஒரு சுற்றுக்கு வண்டி இரண்டு மீட்டருக்கும் குறைவாகவே நகரும். கால்கள் இலகுவாகச் சுழலும், மூச்சும் சீராக இருக்கும். 'வெலோசியோ' என்ற புனைபெயரில் எழுதிய பிரான்சு நாட்டவரான போல் டி விவி (1853–1930), பல கியர்கள் கொண்ட வண்டிக்காக வாழ்நாள் முழுவதும் வாதாடினார். டூர் டி பிரான்சு போட்டியோ 1937 வரை கியர் மாற்றியை அனுமதிக்கவில்லை. இன்றைய மூத்த ஓட்டுநர் அவருக்குக் கடமைப்பட்டவர்.

இதே பாடத்தை 1924இல் பதுளையை எட்டிய மலைநாட்டு இரயில் பாதையும் கற்பிக்கின்றது. செங்குத்தாக ஏற முடியாத இரயிலுக்காகத் தெமோதரையில் பாதையை வளைத்து, நிலையத்தின் அடியிலேயே சுரங்கம் வழியாகச் செலுத்திய பொறியியலாளர்கள், தூரத்தைக் கூட்டிச் சரிவைக் குறைத்தார்கள். மூத்த ஓட்டுநரும் நேரத்தைக் கூட்டிச் சுமையைக் குறைத்துக்கொள்ளலாம்.

வயதான உடல் பயிற்சியால் முன்னேறும் என்பதற்குப் பிரான்சின் ரொபேர் மார்ஷான் சிறந்த சான்று. உடல் ஒரு நிமிடத்தில் உள்வாங்கக்கூடிய ஒட்சிசனின் உச்ச அளவு, 101 முதல் 103 வயது வரையான அவரது பயிற்சிக் காலத்தில், ஒரு கிலோகிராம் எடைக்கு 31 மில்லிலீட்டரிலிருந்து 35 ஆக உயர்ந்தது. 2017இல் 105 வயதில் அவர் ஒரு மணி நேரத்தில் 22.547 கிலோமீட்டர் ஓட்டினார். அவர் அரிய மனிதர் என்பது உண்மையே. ஆனால் அறுபது வயதினரிடம் கேட்கப்படுவது அதைவிட மிகக் குறைவு.

உலகெங்கும் நடைபெறும் 'ஆடாக்ஸ்' எனும் நெடுந்தூரப் பயணங்களில் முதலிடம், இரண்டாமிடம் என்ற வரிசை கிடையாது. ஓய்வும் உணவும் உட்பட 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடத்தில் முடித்தால் போதும். ஊவாவில் தொடங்குபவர் அத்தொலைவை எண்ணி மலைக்க வேண்டியதில்லை. முதலில் பதுளையிலிருந்து ஹாலி-எல வரையும், சில வாரங்களில் தெமோதரை, பண்டாரவளை வரையும், பின்னர் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அப்புத்தளை வரையும் செல்லலாம். வாய்விட்டுப் பேசியபடி ஓட்ட முடிகின்றதா என்பதே வேகத்துக்கான அளவுகோல். முடியாதபோது இறங்கித் தள்ளிச் செல்வதில் இழிவு எதுவுமில்லை. பசி தோன்றுமுன் வாழைப்பழமோ ரொட்டியோ உண்பதும், தாகம் தோன்றுமுன் நீர் அருந்துவதும் அவசியம். இதயநோய், இரத்த அழுத்தம், நீரிழிவு உள்ளவர்கள் தொடங்குமுன் வைத்தியரின் ஆலோசனையைப் பெறவேண்டும். நெஞ்சுவலியோ தலைச்சுற்றோ ஏற்பட்டால் உடனே நிறுத்தவேண்டும்.

இறக்கமே கூடுதல் ஆபத்தானது. இடைவிடாமல் அழுத்தினால் பிரேக் சூடேறும் என்பதால், வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து இரு பிரேக்குகளையும் விட்டுவிட்டு அழுத்தவேண்டும். ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான மழைக்காலத்தில் மண்சரிவு அபாயம் இருப்பதால் அந்த மாதங்களைத் தவிர்க்கவேண்டும். ஊவாத் தேயிலைக்கு மணம் தரும் ஜூலை முதல் செப்டெம்பர் வரையான காலத்தில் வீதி உலர்ந்திருந்தாலும் கச்சான் காற்று பலமாக வீசும். பெப்ரவரியும் மார்ச்சும் பொருத்தமானவை.

வாழ்நாளெல்லாம் கொழுந்துக் கூடையுடன் சரிவுகளில் ஏறி இறங்கிய தோட்டத்து மூத்தோருக்கு ஏற்றம் புதிதன்று. அவர்களுக்குக் கிட்டாதது தாழ்ந்த கியர் கொண்ட வண்டியும் துணையுமே. தோட்ட இளைஞர் கழகங்களும் விளையாட்டுக் கழகங்களும் அத்தகைய வண்டிகள் சிலவற்றை வாங்கி வைத்து, போட்டியில்லாத, நேர நெருக்கடியில்லாத மலைப்பயணங்களை மூத்தோருக்கென ஒழுங்குசெய்ய முன்வர வேண்டும்.