ராத்திரி இருமல் விடலையா? எக்ஸ்ரேயோடு ரத்தமும் பாருங்க



குழுவில் வைத்தியச் செலவுக்குக் கடன் கேட்கும்போது, "ராத்திரியானா ஒரே இருமல், இழுப்பு, தூங்க முடியல" என்று பலர் சொல்கிறோம். டி.பி.யா, ஆஸ்துமாவா என்று பயப்படுகிறோம். மூன்றாவதாக ஒன்று உண்டு. அது யானைக்கால் புழுவால் வரும் 'ஈசினோபீலியா' நுரையீரல் நோய்.

கால் புழுவுக்கும் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம்?

கொசுக்கடி வழியாகப் புழு உடம்புக்குள் போகிறது. அது போடும் குட்டிகள் ரத்தத்தில் கலந்து நுரையீரலில் சிக்குகின்றன. சிலருக்கு அவற்றை எதிர்க்க 'ஈசினோபில்' என்ற வெள்ளை அணுக்கள் அளவுக்கு மேல் பெருகி, நுரையீரலையே புண்ணாக்குகின்றன. கால் வீங்காதவர்களுக்கும் இது வரும்.

எக்ஸ்ரேயில் என்ன தெரியும்?

இரண்டு பக்கமும், முக்கியமாக நடுவிலும் கீழேயும், ரவை தூவின மாதிரி புள்ளிகள் தெரியும். ஒருவகை டி.பி.யிலும் இப்படித்தான் இருக்கும். 1940-லேயே மதனப்பள்ளி டி.பி. ஆஸ்பத்திரி டாக்டர்கள், டி.பி. போலத் தெரிந்தும் டி.பி. அல்லாத இந்த நோயைப் பற்றி எழுதினார்கள். சிலருக்கு எக்ஸ்ரே சுத்தமாகவே இருக்கும். அதனால் படம் மட்டும் போதாது.

ரத்தத்தில் ஈசினோபில் சாதாரணமாக 500-க்குள் இருக்கும். இந்த நோயில் 3000-க்கு மேல் போகும். குடல் புழுவாலும் இது ஏறலாம் என்பதால், யானைக்கால் புழுவுக்கான ரத்தப் பரிசோதனையும் டாக்டர் எழுதுவார்.

மருந்து உண்டா?

உண்டு. டி.இ.சி. மாத்திரையை எடைக்குத் தக்கபடி, வழக்கமாக 3 வாரம் தருவார்கள். கர்ப்பமாக இருந்தால் முதலிலேயே டாக்டரிடம் சொல்லிடுங்க. கவனிக்காமல் விட்டால் நுரையீரலில் தழும்பு விழும். அடுத்தடுத்த எக்ஸ்ரேயில் புள்ளிகளோடு கோடுகளும் கூடும். தழும்பு ஆறாது; நடந்தாலே மூச்சு வாங்கும்.

நாம் செய்ய வேண்டியது:

* 2 வாரத்துக்கு மேல் இருமினால் அரசு ஆஸ்பத்திரியில் சளி, எக்ஸ்ரே, ரத்தம் மூன்றையும் பாருங்க.
* டி.பி. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீங்க.
* பழைய எக்ஸ்ரேயைத் தூக்கிப் போடாதீங்க. புதுசோடு ஒப்பிட்டால்தான் நோய் குறையுதா, கூடுதா என்று தெரியும்.
* குணமான பிறகும் நோய் திரும்பலாம். இருமல் வந்தால் மறுபடி காட்டுங்க.
* சாக்கடைத் தண்ணீர் தேங்க விடாதீங்க. கொசுவலை கட்டுங்க.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதை வாசித்துக் காட்டி, இருமலோடு இருக்கும் உறுப்பினரை ஒருவர் துணைக்குப் போய் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள்.