கண்டெடுத்தவர் பெயர் இல்லாத எலும்புகள்

இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள லைம் ரீஜிஸ் என்னும் சிற்றூரை ஒட்டிய செங்குத்துப் பாறைகளில் சுண்ணாம்புக்கல்லும் களிமண் பாறையும் மாறி மாறி அடுக்கடுக்காகப் படிந்துள்ளன. ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியாக இருந்த இவ்வடுக்குகளில், அக்கால உயிர்கள் புதைபடிவங்களாக, அதாவது கல்லாகிப்போன எச்சங்களாக, கிடக்கின்றன. குளிர்காலப் புயலில் பாறை சரிந்தால்தான் அவை வெளிப்படும். உடனே எடுக்காவிட்டால் அலை அடித்துச் சென்றுவிடும் என்பதால், ஆபத்து மிகுந்த பருவமே தேடுவோருக்கு வாய்ப்பான பருவமாகவும் இருந்தது. 1799இல் பிறந்த மேரி ஆனிங், தச்சரான தந்தை 1810இல் கடனை விட்டுவிட்டு இறந்தபின், இப்படிவங்களைத் தேடி விற்பதையே பிழைப்பாகக் கொண்டார். 1833இல் அவருடன் வந்த நாய் பாறைச்சரிவில் சிக்கி மாண்டது. அவர் மயிரிழையில் தப்பினார்.

1811இல் அண்ணன் ஜோசப் ஒரு பெரிய மண்டையோட்டைக் கண்டார். அதற்குரிய உடலெலும்புகளை மறு ஆண்டில் மேரி கண்டெடுத்தார். இக்தியோசாரஸ் எனப் பின்னர் பெயரிடப்பட்ட, மீன் வடிவுடைய கடல்வாழ் ஊர்வன அது. 23 பவுண்டுக்கு விற்கப்பட்ட அந்த எலும்புகளைப் பற்றி எவரார்டு ஹோம் 1814இல் எழுதிய ஆய்வுரையில் ஆனிங் குடும்பத்தின் பெயரே இல்லை. 1823இல் மேரி தோண்டியெடுத்த, மற்றொரு கடல்வாழ் ஊர்வனவான பிளீசியோசாரஸின் கழுத்து நம்ப முடியாத நீளமாக இருந்ததால், பிரெஞ்சு அறிஞர் குவியே அது போலியோ என ஐயுற்றார், பின்னர் உண்மையென ஏற்றார். 1824இல் லண்டன் புவியியல் கழகத்தில் அதை விளக்கிய கோனிபியரோ மேரியின் பெயரைச் சொல்லவில்லை. எச்சம் கைமாறும்போது வாங்கியவர் அல்லது அருங்காட்சியகத்துக்கு அளித்தவர் பெயரே பதிவேட்டில் ஏறியது. விற்றவர் வெறும் வியாபாரி, அதிலும் ஏழைப் பெண். இதை ஒருவரின் சூழ்ச்சி என்பதைவிட ஊறிப்போன வழக்கம் என்பதே பொருந்தும்.

ஆனால் மேரி வெறுமனே பொறுக்கி விற்றவர் அல்லர். ஆய்வுரைகளைக் கைப்பட நகலெடுத்துப் படித்தார்; எலும்புகளின் அமைப்பை அறிய மீன்களையும் கணவாய்களையும் அறுத்துப் பார்த்தார். இக்தியோசாரஸின் வயிற்றுப் பகுதியில் அடிக்கடி காணப்பட்ட கற்களை உடைத்தபோது, உள்ளே மீன் எலும்பும் செதிலும் இருப்பதைக் கவனித்தார். அவை கல்லான சாணம் என 1829இல் வில்லியம் பக்லாண்டு நிறுவினார். பழங்கால விலங்கின் இரையை நேரடியாக அறிய இது வழிசெய்தது. பக்லாண்டு மேரியின் பங்கை ஒப்புக்கொண்டவர் என்பதையும் சொல்ல வேண்டும்.

1847இல் மேரி மறைந்தபோது, புவியியல் கழகத் தலைவர் டி லா பெஷ் தம் ஆண்டுரையில் அவருக்குப் புகழஞ்சலி செலுத்தினார். ஆனால் அக்கழகத்தில் பெண்கள் முதன்முதலாக உறுப்பினரானது 1919இல்.